தேதி முடிஞ்ச லைசென்சும் தக்காளி வண்டியும்

லைசென்ஸ் தேதி முடிஞ்ச பிறகு வண்டி ஓட்டுறது தப்பு. அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா புதுப்பிச்சுக் கொடுக்கிற ஆபீசே பூட்டிக் கிடந்தா என்ன பண்றது? கொரோனா வந்தப்போ எங்க பக்கம் வண்டி ஓட்டுற பல பேருக்கு இதுதான் கேள்வி.

2020 மார்ச் 25-ல நாடு முழுக்க ஊரடங்கு. காய்கறி வண்டிக்குத் தடை இல்லைன்னாங்க. பழுத்த தக்காளி ஊரடங்கு முடியட்டும்னு காத்திருக்குமா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு யாராவது ஓட்டித்தானே ஆகணும். நகரத்துல உங்க தெருவுக்கு வந்த காயும் அப்படி வந்ததுதான்.

மத்திய போக்குவரத்து அமைச்சகம் அப்போ ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. பிப்ரவரி 1-லிருந்து தேதி முடிஞ்ச லைசென்ஸ், பர்மிட், எஃப்.சி. எல்லாம் ஜூன் 30 வரை செல்லும்னு மார்ச் 30-ந் தேதி மாநிலங்களுக்கு எழுதுச்சு. அப்புறம் செப்டம்பர், டிசம்பர்னு தள்ளித் தள்ளி 2021 அக்டோபர் 31 வரைக்கும் போச்சு. மொத்தம் ஏழு கெடு.

என் குறை இங்கதான். அந்தச் சலுகை டில்லியிலிருந்து கிளம்புச்சு, எங்க ஊர் ரோட்டுக்கு ஒழுங்கா வந்து சேரலை. வாட்ஸ்அப்ல வந்ததை எது நிசம், எது புரளின்னு யார் கண்டா? பக்கத்துத் தோட்டத்துப் பையனை ஒரு சோதனைச் சாவடியில நிறுத்தி, "ஆர்டர் காப்பி எங்கே?"ன்னு கேட்டிருக்காங்க. அவன் அதுக்கு எங்க போவான்? அரை நாள் வெயில்ல நின்னது தக்காளி.

இன்னொரு குழப்பமும் இருந்துச்சு. இன்சூரன்ஸ் இந்தச் சலுகையில சேராது. அதுக்குத் தனியா கொஞ்ச நாள் அவகாசம்தான். எல்லாம் செல்லும்னு நம்பி ஓட்டினவன் யார் மேலயாவது இடிச்சிருந்தா, நஷ்டஈட்டுக்குக் காட்டை விக்க வேண்டியதுதான்.

அதுக்காக, புதுப்பிக்கவே வேண்டாம்னு சொல்ல வரலை. நாற்பது வயசு தாண்டினவங்ககிட்ட டாக்டர் சான்று கேக்குறது நியாயம்தான். கண் மங்கினது நமக்கே தெரியாது. ஆனா ஆஸ்பத்திரியே கொரோனாவுல திணறுறப்போ அந்தச் சான்றுக்குப் போய் வரிசையில நிக்க முடியுமா?

அடுத்த தடவை இப்படி ஒரு நோய் வந்தா, தவணை தவணையா கெடு வேண்டாம். 'நெருக்கடி முடிஞ்சு மூணு மாசம் வரை செல்லும்'னு ஒரே உத்தரவு போடுங்க. லைசென்ஸ்ல பதிஞ்ச போன் நம்பருக்குத் தமிழ்ல எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. சாவடிக்கு ஒரு காப்பி ஒட்டுங்க. பெரிய செலவு ஒண்ணுமில்லை.

நீங்களும் உங்க லைசென்ஸ் தேதியை இன்னைக்கே பாத்துடுங்க. முடியுறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே புதுப்பிக்கலாம். முடிஞ்சு ஒரு வருசம் தாண்டிட்டா மறுபடி ஓட்டிக் காட்டணும்.