பெண்டிங் என்பது பதிலா?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மூன்று வாரம் முன்பே கம்பெனி ஆப்பில் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறான். ஆபரேஷன் அன்று காலை வரை அதில் 'பெண்டிங்' என்றே நின்றதாம். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியுமா? போய்விட்டான். மாதக் கடைசியில் இரண்டு நாளும் ஆப்சென்ட், சம்பளம் பிடித்தம். கேட்டதற்கு, "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றாராம் சூப்பர்வைசர்.

எந்த சிஸ்டம் ஐயா? பட்டனை அழுத்த வேண்டியது உங்கள் விரல்தானே!

எனக்கு வாய்த்த தலைமையாசிரியர் ஒருவர் லீவு லெட்டரைப் படித்துவிட்டு, "பரீட்சை நேரம், முடியாது சார்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். வயிறு எரியும். ஆனாலும் பதில் கிடைத்துவிடும், வேறு ஏற்பாடு பார்க்கலாம்.

நான் ஆப்புக்கு எதிரி இல்லை. தற்செயல் விடுப்பு 12 நாளில் எத்தனை மிச்சம் என்று கிளார்க் முன்னால் நின்றவன் நான். இன்று அரசு ஊழியர்கள் களஞ்சியம் ஆப்பிலேயே விடுப்பு விண்ணப்பிக்கிறார்கள். நல்லதுதான்.

லீவு என்பது முதலாளி போடும் பிச்சை அல்ல. ஆண்டுக்கு 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. மிச்ச லீவை 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குச் சேர்க்கலாம். ஆனால் முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த வரம்பு கிடையாது. இப்போது புரிகிறதா? 'மறுக்கப்பட்டது' என்று பதிவானால் தொழிலாளி கையில் சாட்சி இருக்கும். 'பெண்டிங்' என்றே விட்டுவிட்டால் யாரும் எதையும் மறுக்கவில்லை!

என் மாணவர்களில் எச்.ஆர்., சூப்பர்வைசர் ஆனவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். லீவு வந்தால் இரண்டு நாளுக்குள் சரி என்றோ முடியாது என்றோ காரணத்தோடு பதிவு செய்யுங்கள். நீங்கள் லீவில் போனால் அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பதில் சொல்லாத நாளை ஆப்சென்ட் என்று போடாதீர்கள்.

லீவு கேட்கும் பிள்ளைகளே, உங்களையும் விடமாட்டேன். பாஸ்வேர்டை நண்பனிடம் கொடுத்து வருகைப்பதிவு போடச் சொல்வது, அந்தக் காலத்தில் 'உள்ளேன் ஐயா' என்று அடுத்தவனுக்காகக் குரல் கொடுத்த அதே திருட்டுத்தனம். (யார் யார் என்று எனக்குத் தெரியும்.) தெரிந்த லீவை 15 நாள் முன்பே போடுங்கள். போட்டவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அந்த சூப்பர்வைசரும் என் மாணவன்தான் என்று பிறகு தெரிந்தது. தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். அந்த இரண்டு நாள் கணக்கைச் சரிசெய்துவிட்டு வா, டீ குடிக்கலாம்.