சொந்தக் காசில் சிறகு

புனேயில் லோஹகாவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அலாரம் கடிகாரம் தேவைப்படுவதில்லை. விமானப்படையின் சுகோய்கள் எழுப்பிவிடும். போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையை மாறி மாறிப் பயன்படுத்தும் ஊர் இது. ராணுவத்தின் தெற்கு கமாண்ட் தலைமையகம், கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி, கிர்க்கியில் பாம்பே சாப்பர்ஸ் மையம் என்று சீருடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தினமும் அண்ணாந்து பார்க்கும் இந்தச் சீருடைக்காரர்களில் பெரும்பாலோர் காக்பிட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. படையில் இருந்துகொண்டே, சம்பளப் பணத்தில், தனியார் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றால் என்ன என்று அவர்களில் சிலருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

ஆசைக்கு வயதில்லை. பணத்துக்கு வரம்பு உண்டு. கேள்வி எளிமையானது: செலவை யார் ஏற்பது?

இந்தக் கேள்வி விமானத்தின் வயதை ஒட்டியது. 1912இல் பிரிட்டனில் ராயல் ஃப்ளையிங் கோர் தொடங்கப்பட்டபோது, அதில் சேர விரும்பிய ராணுவ அதிகாரி முதலில் தனியார் பள்ளியில் சொந்தச் செலவில் பறக்கக் கற்றுச் சான்றிதழ் பெற வேண்டும். படையில் சேர்த்துக்கொண்டால் 75 பவுன் திருப்பித் தரப்படும். சேர்த்துக்கொள்ளாவிட்டால் போனது போனதுதான். இளம் வயதில் இந்தியாவில் பணியாற்றிய ஹ்யூ டிரென்சார்ட் என்ற அதிகாரி அந்த ஆண்டு ஜூலையில் இப்படித்தான் கற்றார். அப்போது அவருக்கு வயது 39. 40ஐத் தாண்டினால் இடமில்லை. பதின்மூன்று நாட்கள்; ஆகாயத்தில் இருந்தது மொத்தம் 64 நிமிடங்கள். சான்றிதழ் கிடைத்தது. பின்னாளில் அவரை பிரிட்டிஷ் விமானப்படையின் தந்தை என்றே அழைத்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கதை. 1934இல் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரிகள் சிலர் தங்களுக்குள் ஒரு பறக்கும் கிளப்பைத் தொடங்கினார்கள். பொழுதுபோக்குத்தான். ஆனால் மேலே போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்தது. குண்டு எங்கே விழுகிறது என்பதை வானிலிருந்து பார்த்துச் சொல்ல, பீரங்கிக்காரனே சின்ன விமானத்தை ஓட்டினால் போதும். அவர்களில் ஒருவரான சார்லஸ் பேஸ்லி இதை விடாமல் வலியுறுத்தினார். இரண்டாம் உலகப்போரில், 1941இல், இதற்கென்றே ஏர் ஓ.பி. படைப்பிரிவு உருவானது. அந்த மரபில் வந்த ஒரு சிறு பிரிவு 1947இல் பிரிவினையின்போது இந்திய ராணுவத்தின் பங்காக வந்தது. 1986 நவம்பர் 1 அன்று அதுவே ஆர்மி ஏவியேஷன் கோர் என்ற தனிப் பிரிவாக வளர்ந்தது. நாசிக்கில் இன்று அதற்குச் சொந்தப் பயிற்சிப் பள்ளியே இருக்கிறது.

இரண்டு கதைகளிலும் ஒரு பாடம். படைக்குத் தேவைப்பட்டபோது அது பணத்தைத் திருப்பித் தந்தது, யோசனையையும் ஏற்றுக்கொண்டது. இன்று நிலைமை வேறு. தனக்கு வேண்டிய விமானிகளை ராணுவமே தேர்வு செய்கிறது, தானே பயிற்சி அளிக்கிறது, செலவும் தன்னுடையதே. கிர்க்கியில் இருக்கும் ஒரு ஹவில்தார் விடுமுறையில் வாங்கி வரும் தனியார் லைசென்ஸ் அதற்குத் தேவையில்லை. தேவையில்லாத பொருளுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. அதனால் செலவு முழுவதும் ஹவில்தாருடையது.

எவ்வளவு செலவு? சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி பிரைவேட் பைலட் லைசென்ஸ். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் இதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. அடுத்த படி கமர்ஷியல் லைசென்ஸ். 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். இரவுப் பறப்பு, 300 கடல் மைல் நெடும் பயணம், வழிசெலுத்தல், வானிலை, விமானச் சட்டம் ஆகிய பாடங்களில் தேர்வு, ரேடியோ லைசென்ஸ் என்று பட்டியல் நீளும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. இதைத் தளர்த்தும் யோசனை 2025இல் பேசப்பட்டது. பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்த பலருக்கு முதல் தடை இங்கேதான். ஆனால் அதற்குத் திறந்தநிலைப் பள்ளி வழி இருக்கிறது, செலவும் குறைவு.

பயிற்சி விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ரூ. 20,000 என்று வைத்தால் முதல் படிக்கு ரூ. 8 லட்சம், இரண்டாம் படிக்கு ரூ. 40 லட்சம். இது பறப்புக்கு மட்டும். தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தால் அரை கோடி ரூபாய் என்பது மிகையல்ல. 40 மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டு விடுபவர்களும் குறைவு. கமர்ஷியல் லைசென்ஸ் கையில் வந்த பிறகு, விமான நிறுவனம் வைத்திருக்கும் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி பெற வேண்டும். அது இன்னொரு பெருந்தொகை.

இனி வரவுப் பக்கம். ஓய்வு பெறப்போகும் படையினருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தர, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வு இயக்குநரகம் ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு அதிகாரிகள் கட்டணத்தில் 40 சதவீதம் கட்டினால் போதும். மீதியை அரசு ஏற்கும். ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் முழுக் கட்டணமும் அரசுடையது. நல்ல ஏற்பாடு. ஆனால் மேலாண்மை போன்ற சில மாத வகுப்பறைப் படிப்புகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. ஒரு மனிதருக்கு அரை கோடி என்ற கணக்கைச் சுமக்க அதனால் ஆகாது. அக்னிவீர் திட்டத்தில் சேர்ந்த இளைஞருக்கு நான்கு ஆண்டு முடிவில் கிடைக்கும் என்று 2022இல் அரசு அறிவித்த சேவா நிதி சுமார் ரூ. 11.71 லட்சம். முதல் படிக்கு அது தாராளம். இரண்டாம் படிக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

பணக்கார நாடுகளிலாவது நிலைமை வேறா? அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான ஜி.ஐ. பில் சலுகை பிரசித்தம். ஆனால் தனிப் பறக்கும் பள்ளியில் சேர அதைப் பயன்படுத்த வேண்டுமானால், பிரைவேட் லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். முதல் படி அங்கேயும் சொந்தக் காசு. அதற்கு மேல் போகிறவருக்குத்தான் அரசு கை கொடுக்கிறது. இந்த நிபந்தனையில் ஒரு நியாயம் இருக்கிறது: ஆசை உண்மையானதா என்று ஆசைப்பட்டவரே முதலில் சோதித்துப் பார்க்கட்டும்.

பணத்தைவிட அரிதான சரக்கு நேரம். ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. கேட்ட மாதத்தில் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் மழை. சின்ன விமானங்கள் பல நாள் ஷெட்டைவிட்டு வெளியே வராது. நல்ல பருவத்தில் விடுப்பு கிடைத்தால் முதல் படியை ஓரிரு ஆண்டுகளில் ஏறிவிடலாம். 200 மணி நேரத்தை விடுப்பிலேயே முடிப்பது நடக்காத காரியம். நடுவில் லே அல்லது தேஜ்பூருக்கு மாற்றல் வந்தால் கற்றதும் மறக்கும். வெளிநாட்டுப் பள்ளிகளில் சீக்கிரம் முடியும் என்பார்கள். பணியில் இருப்பவர் மேலிடத்து அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது.

ஆகவே பலர் ஓய்வுக்காகக் காத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு, நாற்பது வயது. வருங்கால வைப்பு நிதி, கிராஜுவிட்டி, பென்ஷன் கம்யூட்டேஷன் எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வரும். வாழ்க்கையில் முதல்முறையாக இவ்வளவு பெரிய தொகை. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் கட்டணத்தில் சலுகை என்று பள்ளி சொல்லும். "ஏங்க, ஊர்ல மனை வாங்கலாம்னு சொன்னீங்களே?" என்று வீட்டில் குரல் எழும். சம்பாதித்து இரண்டு மனை வாங்கலாம் என்று பதில் போகும்.

புனேயிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது பாராமதி. லோஹகாவ் ஓடுபாதையில் கற்றுக்குட்டிகளுக்கு இடமில்லாததால், இந்த வட்டாரத்தின் பறக்கும் பள்ளிகள் அங்கே. 2023 அக்டோபர் 19, 22 ஆகிய தேதிகளில், நான்கே நாட்களுக்குள், ஒரே பள்ளியின் இரண்டு பயிற்சி விமானங்கள் அந்தப் பகுதியில் விழுந்தன. டி.ஜி.சி.ஏ. அந்தப் பள்ளியின் பயிற்சியை நிறுத்திவைத்தது. பாதுகாப்புக்காக எடுத்த சரியான நடவடிக்கை. ஆனால் பயிற்சி நிற்கும்போது மாணவரின் பணமும் நாட்களும் சேர்ந்து நிற்கும். கடன் வட்டி மட்டும் நிற்காது. 2025இல் டி.ஜி.சி.ஏ. நாட்டின் பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியலிடத் தொடங்கியது. அக்டோபரில் வந்த முதல் பட்டியலில், மேல் தரங்களான ஏ பிளஸ், ஏ இரண்டிலும் ஒரு பள்ளிகூட இல்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பள்ளியின் விளம்பரத்தை அல்ல, அந்தப் பட்டியலை.

அப்படியானால் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா? தேவையில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் மருத்துவப் பரிசோதனை. படையின் ஷேப்-1 தகுதி சிவில் லைசென்ஸுக்குச் செல்லாது; அதற்கு டி.ஜி.சி.ஏ.வின் தனிப் பரிசோதனை உண்டு. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால், சில ஆயிரம் ரூபாயோடு உண்மை தெரிந்துவிடும். அடுத்தது புத்தகம். எழுத்துத் தேர்வுகளுக்குப் பாரக்ஸிலேயே படிக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல்கூடச் செலவில்லை. மூன்றாவது, பத்து மணி நேரப் பறப்பு. புனேயின் ஹடப்ஸரில் டி.ஜி.சி.ஏ. நடத்திவந்த கிளைடிங் மையத்தில், இன்ஜின் இல்லாத விமானத்தை விஞ்ச் இழுத்துவிட, பலர் குறைந்த செலவில் முதன்முதலாக வானேறியிருக்கிறார்கள். ஆசை எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள அதுபோன்ற அனுபவம் போதும். அதன் பிறகும் நெஞ்சு அடங்கவில்லை என்றால் பிரைவேட் லைசென்ஸ். கட்டணத்தை மணிக்கணக்கில், பறந்த பிறகு கொடுக்கலாம். அதற்குச் சம்மதிக்காத பள்ளியில், குறைந்தபட்சம் சிறு தவணைகளாகக் கட்டலாம்; பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கமர்ஷியல் லைசென்ஸ் வேறு விஷயம். அது ஆசையல்ல, தொழில். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு நாற்பது வயதுக்காரர் வேலைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். விமான நிறுவனம் ஆள் எடுக்கும் ஆண்டும் உண்டு, எடுக்காத ஆண்டும் உண்டு. லைசென்ஸ் என்பது வேலை உத்தரவு அல்ல. வீட்டு மனையை அதற்குப் பந்தயமாக வைப்பதா என்பதைக் குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

டிரென்சார்டின் 75 பவுன் திரும்பி வர வழி இருந்தது. கிர்க்கி ஹவில்தாரின் எட்டு லட்சம் திரும்பி வராது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருத்தி மேகத்துக்குக் கீழே, கரும்புத் தோட்டங்களுக்கு மேலே, பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறந்துவிட்டு வந்தால், அந்த எட்டு லட்சத்துக்குக் கணக்குத் தீர்ந்தது என்று அவர் நினைக்கக்கூடும். நாற்பது லட்சத்தை அப்படி நினைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில், பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.