பெயரைப் பருகும் நாக்கு

1663-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் இலண்டன் மதுக்கூடம் ஒன்றில், சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை அலுவலர் பிரெஞ்சுத் திராட்சை மது ஒன்றைப் பருகினார். இத்தகைய தனிச்சுவையைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை எனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அம்மது, போர்தோ நகரை அடுத்த பெசாக்கில் பொந்தாக் குடும்பத்தார்க்கு உரியதாயிருந்த ஓ-பிரியோன் தோட்டத்தில் விளைந்தது. பீப்ஸ் அப்பெயரைப் பிழையாகவே எழுதினார். பெயரில் பிழைத்தவர் சுவையில் பிழைக்கவில்லை. அன்று நாக்கு ஒன்றே நடுவர்.

இன்றோ, அதே தோட்டத்துப் பழம்புட்டி மேசைக்கு வந்ததும் முதலில் தொழிற்படுவது கண்ணே. பெயர்ச்சீட்டைக் கண் படிக்கிறது. விலையை மனம் எண்ணுகிறது. தக்கை கழலுமுன்னரே புகழுரை ஆயத்தமாகிவிடுகிறது. நாக்குக்கு எஞ்சியிருப்பது ஆமாம் போடும் வேலைதான். இதனைச் சுவைத்தல் என்பது சொல்லுக்குச் செய்யும் கொடுமை.

மது அருந்துதல் நன்றோ தீதோ என்பது வேறு வழக்கு. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் அதுபற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈண்டு எழும் வினா, தீர்ப்புரைக்கும் முறை பற்றியது.

முதிர்ந்த செம்மதுவுக்குத் தனிச்சிறப்பு இல்லை என்பாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. திராட்சையின் தோலும் விதையும் தரும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள், இளமதுவில் நாவைப் பற்றி இழுக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது தன்னோடும் நிறப்பொருளோடும் பிணைந்து, ஒரு பகுதி வண்டலாய் அடியில் தங்கும். கருஞ்சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகும். பழமணம் பின்வாங்கி, உலர்ந்த இலை, புகையிலை, மழைக்குப் பின் மண் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் எழும். அறிந்தோர் அப்புட்டியை ஒரு நாள் முன்னரே நிமிர்த்தி வைத்து, பின்னர் விளக்கொளியில் அதன் கழுத்தை நோக்கியவாறே மெல்ல வேறு கலத்தில் இறுப்பர். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுவர். மிக முதிர்ந்த மதுவின் மணம் நெடுநேரம் நில்லாது. இவ்வளவு பொறுமையோடு உருவாகும் ஒன்றைப் பெயருக்காக மட்டும் போற்றுவது அதனை அவமதிப்பதே ஆகும்.

பெயரின் ஆட்சிக்கு அரியணை இட்டது 1855-ஆம் ஆண்டுப் பட்டியல். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காகப் போர்தோவின் மதுத் தரகர்கள், செம்மதுத் தோட்டங்களை 5 வகுப்புகளாகப் பிரித்தனர். முதல் வகுப்பில் லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய 4 தோட்டங்கள் இடம்பெற்றன. அவர்கள் கொண்ட அளவுகோல் சந்தை விலை. நீண்டகால விலை பலருடைய நாவின் தீர்ப்பு எனலாம். அதனால் அன்றைய நிலையில் அது நேர்மையான கணக்கே. ஆயின் அக்கணக்கு ஏறத்தாழ அப்படியே உறைந்துவிட்டது. 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்டு இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்ந்ததே குறிப்பிடத்தக்க மாற்றம். மெதோக் பகுதித் தோட்டம் தன் ஊர் எல்லைக்குள் அண்டை நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் அதன் வகுப்பு மாறுவதில்லை. அன்று விலையைப் பார்த்து வகுப்பு வகுத்தனர். இன்று வகுப்பைப் பார்த்து விலை வைக்கின்றனர்.

கண் எவ்வாறு நாவை ஏய்க்கும் என்பதைப் போர்தோப் பல்கலைக்கழகத்திலேயே காட்டினர். 2001-இல் வெளியான ஆய்வில், மதுவியல் பயிலும் மாணவர் 54 பேருக்கு, மணமற்ற செந்நிறம் கலந்த வெள்ளை மது தரப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். மாணவர்தாமே என ஆசிரியர்கள் நகைத்தல் வேண்டா. தேர்ந்தவர் கதையும் அதுவே.

1976 மே 24 அன்று ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர், பாரிசில் பெயர் மறைத்த போட்டி ஒன்றை நடத்தினார். பிரெஞ்சு நடுவர் 9 பேரின் மதிப்பெண்களே கணக்கில் கொள்ளப்பட்டன. செம்மதுவில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டேக்ஸ் லீப் 1973. மூத்தோன் 1970 இரண்டாம் இடத்தையும், ஓ-பிரியோன் 1970 நான்காம் இடத்தையும் பெற்றன. வெள்ளை மதுப் பகுதியிலோ, ஒரு நடுவர் கலிபோர்னிய மதுவைப் பருகிவிட்டுப் பிரான்சுக்கே திரும்பிவிட்டோம் என மகிழ்ந்தாராம்!

உடனே எழுந்த மறுப்பு, போர்தோ மது முதிர்ந்த பின்னரே பேசும்; கலிபோர்னிய மது விரைவில் வாடும் என்பது. மறுப்பு வலிமையானது, அதனால் சோதனைக்கு உரியது. 30 ஆண்டு கழித்து, 2006-இல் அதே செம்மதுக்களை மீண்டும் சுவைத்தனர். முதல் 5 இடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன; ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971 தலைமை பெற்றது. பத்தே மதுக்களின் போட்டி ஒரு நாட்டின் தரத்தை முடிவுசெய்யாதுதான். ஆயின் முதிர்ச்சி ஒரு பட்டியலின் தனியுடைமை என்ற வாதம் அன்றே சாய்ந்தது.

பட்டியலை அடிக்கடி திருத்தினால் வழக்குத்தான் மிஞ்சும் என்பர் சிலர். சான்றும் உண்டு: செந்தெமிலியோன் ஊரின் 2006-ஆம் ஆண்டுப் பட்டியல் நீதிமன்றம் ஏறிச் சிதைந்தது. இது திருத்தம் கடினம் என்பதைக் காட்டுகிறதேயன்றி, திருத்தாமை சரி என்பதைக் காட்டவில்லை.

ஓ-பிரியோனின் பரல் நிலத்துக்கு இதனால் இழுக்கு ஏதுமில்லை. அதன் அன்பர்கள் செய்யவேண்டுவது எளிது. அடுத்த முறை பழம்புட்டி திறக்கையில் அதன் மேல் ஒரு துணியைச் சுற்றட்டும். பக்கத்தில் பெயரறியா மதுக்கள் இரண்டை வைக்கட்டும். பருகிய பின் கண்டதை எழுதிக் கையொப்பமிடட்டும். துணியை அகற்றுவது அதற்குப் பிறகு.