விசா வந்தாச்சு, கசகசாவை எடுத்து வையுங்க!

"டாக்டர், துபாய் விசா வந்துடுச்சு. பொண்ணுக்குப் பிரசவம். ரெண்டு மாசத்துக்கு மருந்து கட்டிக் கொடுங்க" என்று காட்டுப்பாக்கத்து அம்மா ஒருவர் வந்தார். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் இருக்கிறதா, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் மகன் பார்த்துவிட்டானாம். பெட்டியில் என்னென்ன என்று கேட்டேன். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு, திப்பிலி. கூடவே குருமாவுக்குக் கால் கிலோ கசகசா!

மளிகைக்கடைச் சரக்குதானே என்பீர்கள். அது அபின் செடியின் விதை. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. 'தெரியாம கொண்டு வந்துட்டேன்' என்பது அங்கே செல்லாது. தூக்கத்துக்குப் பாலில் அரைத்துக் குடிக்கச் சொல்வதே எங்களைப் போன்ற வைத்தியர்கள்தான். வெளிநாடு போகிறீர்களா என்று கேட்க வேண்டியதும் நாங்கள்தான், பலர் கேட்பதில்லை.

ஆங்கில மருந்தும் தப்பவில்லை. கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் வலி மாத்திரைக்கு அமீரக அரசின் முன் அனுமதி வேண்டும்.

என் மருந்துக்கு வருகிறேன். காகிதத்தில் மடித்த சூரணம் என்னவென்று சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பெயரும் சேர்மானமும் அச்சிட்ட டப்பா, ஆங்கிலத்தில் மருந்துச் சீட்டு, இரண்டும் வேண்டும். பாதரசம், பாஷாணம் சேர்ந்த செந்தூரங்களைப் பயணத்துக்கு நான் கொடுப்பதே இல்லை. சக வைத்தியர்கள் கோபித்தாலும் சரி.

அந்த அம்மாவின் சர்க்கரை மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொன்னேன். கசகசா என் மேஜையிலேயே தங்கிவிட்டது. குருமாவுக்கு முந்திரி அரைத்தால் போச்சு!