கையைத் தளர்த்தத் தெரிந்த ஆசிரியர்

கண்ணும் தெரியாத, காதும் கேளாத குழந்தையை "விதி" என்று மூலையில் உட்கார வைப்பது பழைய உலகத்தின் வழக்கம்.

1963-ல் சோவியத் நாட்டில், மாஸ்கோவுக்கு அருகே ஜாகோர்ஸ்கில், இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளி எழுந்தது. அங்கே பாடம் எழுத்தில் தொடங்கவில்லை, கரண்டியில் தொடங்கியது! ஆசிரியர் குழந்தையின் கையைப் பிடித்துக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவார். அந்தப் பிஞ்சுக் கை தானாக இம்மி அசைந்ததும் தம் பிடியைத் தளர்த்துவார். தளர்த்தாவிட்டால் குழந்தை முயலாது. அடியோடு விட்டாலோ நின்றுவிடும். ஆலையில் புதுப் பையனுக்கு அறுந்த இழையை முடியக் கற்றுக்கொடுத்த தோழர்களுக்கு இந்தச் சூட்சுமம் விளங்கும். இரக்கப்பட்டு ஊட்டிவிடுகிறவர் நல்லவராக இருக்கலாம், ஆசிரியர் அல்ல.

அங்கே படித்த நால்வர் 1971-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1977-ல் தேறினார்கள்.

இது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. நம் நாட்டிலோ இவ்வாசிரியர்களில் பலரை ஒப்பந்தக் கூலிகளாக வைத்திருக்கிறார்கள். அவர்களை நிரந்தரமாக்கு என்கிறோம் நாம்.