எனக்கு ஒரு தம்பி, எனக்கு ஒரு நாய்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கையின் மகன் மெல்லிய புத்தகம் ஒன்றோடு வீட்டுக்கு வந்தான். சிகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டி அவன். ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டிகள் மாத்தளை மாவட்டத்தில் மலிந்துவிட்டார்கள், ஸ்பானிய மொழி தெரிந்தவனுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பது அவன் கணக்கு. ஸ்பெயினை விட்டுவிட்டாலும், மெக்சிகோ முதல் ஆர்ஜென்டீனா வரை பல நாடுகளின் ஆட்சிமொழி அது. கணக்கில் பிழை இல்லை. பேசிப் பழக ஓர் ஆள் வேண்டும் என்றான். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு என்ன வேலை? ஒப்புக்கொண்டேன்.

முதற் பாடம் வணக்கம் சொல்வது. இரண்டாம் பாடம் குடும்பம். மூன்றாம் பாடம் வீட்டுப் பிராணிகள். இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. மனிதன் தன் பெயரைச் சொன்ன பிறகு அடுத்ததாகச் சொல்ல விரும்புவது, தான் யாருடைய பிள்ளை, தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தானே?

குடும்பப் பாடத்தில் முதலில் ஏமாற்றமே காத்திருந்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் அங்கே 'தியோ' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அண்ணனும் தம்பியும் 'எர்மானோ'. மூத்தவனா இளையவனா என்பதைத் தனியே இன்னொரு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் மருமகன் எனக்குச் 'சொப்ரினோ'. என் தம்பியின் மகனும் எனக்குச் 'சொப்ரினோ'தான். நம் வழக்கில் முன்னவன் மருமகன், பின்னவன் மகன். இந்த வேறுபாட்டின் மேல்தான் நம் கல்யாண வீடுகளின் பாதிச் சடங்குகள் நிற்கின்றன.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இரண்டு பக்கம் தள்ளி, பிள்ளையின் மாமனாருக்கு 'கொன்சுவேக்ரோ' என்று ஒரு சொல் இருக்கக் கண்டேன். அதாவது சம்பந்தி. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தனிச் சொல் கிடையாது. மனைவியின் சகோதரியை மணந்தவரைச் சுட்டவும் அங்கே ஒரு சொல் உண்டு. நம்முடைய சகலன்! சம்பந்தியையும் சகலனையும் பெயர் வைத்து அழைக்கும் சமூகம் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை என்று மருமகனிடம் சொன்னேன். இன்னொரு சௌகரியமும் இருந்தது. மேசைக்கு அங்கே 'மேசா', சப்பாத்துக்கு 'சபாத்தோ', பாணுக்குப் 'பான்'. 1505 இல் இந்தத் தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் தம் மொழியிலிருந்து நமக்கு விட்டுச் சென்ற சொற்களுக்கு ஸ்பானிய மொழியில் இருக்கும் உடன்பிறப்புகள் அவை.

பிராணிகள் பாடம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஸ்பானிய மொழியில் 'மேசையைப் பார்க்கிறேன்' என்னும்போது பெயருக்கு முன்னால் எதுவும் வராது. 'தம்பியைப் பார்க்கிறேன்' என்றால் 'அ' என்று ஒரு சிறு சொல் முன்னால் வர வேண்டும். மனிதருக்குரிய அடையாளம் அது. தெருவில் போகும் ஏதோ ஒரு நாய்க்கு அது பொதுவாக வருவதில்லை. சொந்த நாயைத் தேடுகிறேன், நேசிக்கிறேன் என்னும்போது வந்துவிடுகிறது. அன்பு வைத்துவிட்டால் இலக்கணமே வழிவிடுகிறது!

நாமும் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். 'புத்தகம் வாங்கினேன்' என்று உருபில்லாமல் சொல்வோம், 'தம்பி பார்த்தேன்' என்று சொல்லமாட்டோம். நாயை அஃறிணையில் வைத்தது நம் இலக்கணம். ஆனால் எந்த வீட்டிலும் 'அவன் சாப்பிட்டானா?' என்றுதான் வளர்த்த நாயைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

இங்கேதான் நம் மாவட்டத்தின் இன்னொரு மொழி என் நினைவுக்கு வந்தது. ஸ்பானியர் 'தெங்கோ' என்பார்கள், அதாவது உறவையும் நாயையும் தாம் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். நாம் 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்போம். சிங்களவர் 'மட்ட மல்லி கெனெக் இன்னவா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே அமைப்பு: எனக்கு, தம்பி, இருக்கிறான். நாய்க்கும் அவர்களிடம் அதே 'இன்னவா'தான். மேசைக்கும் நாற்காலிக்கும் மட்டுமே 'தியெனவா'. மனிதரையும் விலங்குகளையும் ஒரே வினையில் உட்காரவைக்கும் மொழி அது.

உறவுப் பெயர்களைப் பாருங்கள். அம்மா, அக்கா, மாமா இரண்டு மொழியிலும் ஒன்றே. பெரியம்மாவுக்கு 'லொக்கு அம்மா', சின்னம்மாவுக்குப் 'புஞ்சி அம்மா', சித்தப்பாவுக்கு 'பாப்பா', மச்சானுக்கு 'மஸ்ஸினா'. தகப்பன் வழியையும் தாய் வழியையும் பிரித்து, மாமன் மகளை முறைப்பெண்ணாக வைக்கும் கட்டமைப்பு இரு சாராருக்கும் பொதுவானது. திராவிட உறவுமுறை பற்றி 1981 இல் விரிவான நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் தோமஸ் டிரவுட்மன் உட்படப் பல மானிடவியலாளர்கள் சிங்கள உறவுமுறையை இந்த அமைப்போடு சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள். அதாவது, என் மருமகன் ஸ்பானிய மொழியில் மூன்று வாரம் மல்லுக்கட்டிய பாடத்தை ஒரு சிங்களப் பிள்ளை தமிழில் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். தமிழ்ப் பிள்ளை சிங்களத்தில் படிப்பதும் அப்படியே.

ஆனால் படிக்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரச வைத்தியசாலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் காய்ச்சலில் துவண்ட சிறுவனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். யார் நீ என்ற கேள்விக்கு 'சின்னம்மா' என்றாள். எழுதியவருக்கு அதில் 'அம்மா' மட்டும்தான் கேட்டது. தாய் என்று பதிந்துவிட்டார். பிறகு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த தாயின் பெயர் வேறாக இருக்க, கேள்விகள் எழுந்தன. அந்தப் பெண் மிரண்டு போனாள். நான் குறுக்கிட்டுப் 'புஞ்சி அம்மா' என்றேன். அவ்வளவுதான். எழுதியவர் சிரித்துவிட்டார், 'முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்றார். முதலிலேயே சொல்லித்தான் இருந்தாள். அவர் கெட்டவர் அல்லர். அந்த ஒரு சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 இல் வந்த சுற்றறிக்கை புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. பாடசாலைகளில் இரண்டாம் மொழிப் பாடம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், பரீட்சை முடிந்த மறுநாள் அந்த மொழி மறந்துபோகிறது. ஏன்? பரீட்சைக்குரிய மொழியாக அது நுழைந்ததே தவிர, அண்டை வீட்டுக்காரரின் மொழியாக நுழையவில்லை.

என் பக்கத்து வீட்டுச் சிங்களச் சிறுவன் ஐந்தாம் வகுப்பில் தமிழ் படிக்கிறான். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் அழகாக எழுதிக் காட்டினான். 'உன் நாயின் பெயர் என்ன?' என்று தமிழில் கேட்டேன். விழித்தான். நம் பிள்ளைகளின் சிங்களமும் பல இடங்களில் இதே இலட்சணம்தான். நாய்களோடு மட்டும் இரு வீட்டாரும் 'கம்', 'சிட்' என்று ஆங்கிலம் பேசிக்கொள்கிறோம்!

உத்தியோகத்தருக்குத் தேவை காணி, வரி, விண்ணப்பம் பற்றிய சொற்களே, நாயும் பூனையும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காணித் தகராறோ, ஓய்வூதிய விண்ணப்பமோ, எந்தப் படிவமும் 'இவர் உமக்கு என்ன உறவு?' என்ற கேள்வியைத் தாண்டாமல் நகர்வதில்லையே. இன்னொரு எதிர்வாதம் கனமானது. அன்பாகப் பேசிவிட்டால் மொழியுரிமை கிடைத்துவிடுமா? கிடைக்காது. தமிழில் படிவம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. புன்னகையோடு சிங்களப் படிவத்தை நீட்டுவது அதற்கு ஈடாகாது. ஆயினும், 'சின்னம்மா' என்ற சொல்லைப் புரிந்துகொள்பவர் கையில்தான் அந்த உரிமை உயிர் பெறும் என்பது என் துணிபு.

குடும்பம் பற்றிப் பேசுவது இந்த மண்ணில் எளிய பாடமும் அல்ல. 'உனக்கு எத்தனை சகோதரர்கள்? எங்கே இருக்கிறார்கள்?' என்று புத்தகம் கேட்கிறது. காப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்த மக்களின் பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். எங்கள் பக்கத்து லயத்துக் குடும்பம் புறப்பட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் சிறுவன். லொறியின் பின்னால் அவர்களது நாய் வெகுதூரம் ஓடியது. மனிதருக்குக் கடவுச்சீட்டு எழுதினார்கள், நாய்க்கு எழுதவில்லை. திரும்பி வந்து பூட்டிய கதவின் முன் படுத்துக்கொண்டது. அதற்குச் சோறு வைத்தது என் அம்மாவும், கீழே கிராமத்திலிருந்து தோட்டத்துக்குக் காய்கறி கொண்டுவரும் ஒரு சிங்களப் பெண்ணும். இருவருக்கும் இடையில் அன்று இருந்த பொதுச் சொற்கள் இருபதுகூட இருக்காது. அந்த நாயைப் பற்றிப் பேச அவை போதுமாக இருந்தன.

ஆகவே, பாடநூல் எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இதுதான். எழுத்தைப் பிறகு கற்றுக்கொடுங்கள். முதல் மாதம் பிள்ளை தன் வீட்டைப் பற்றிப் பேசட்டும். அம்மா, புஞ்சி அம்மா, மல்லி, தம்பி, பூனை, பூசா. தேசிய ஒற்றுமை பற்றிய கட்டுரை எழுதுவதற்கு முன்னால் அடுத்த வீட்டுப் பாட்டியின் சுகத்தை விசாரிக்கட்டும்.

பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு நானே ஆறு வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்தேன். சென்ற வெள்ளிக்கிழமை மதிலுக்கு மேலாக அவன் தலை தெரிந்தது. 'மாமா, எங்கள் நாய் அங்கே இருக்கிறாரா?' என்று கேட்டான்.

'இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போ' என்றேன். பிழையைத் திருத்த மனம் வரவில்லை.