சோப்பு குடித்த பாத்திரம்

மெருகிடாத ஸ்டோன்வேர் பாத்திரத்தில் ரொட்டி சுடுகிறவர்களுக்கு ஒரு நிரந்தரப் பயம் உண்டு. யாரேனும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார்களோ என்பதே அது. அப்படி நேர்ந்துவிட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழகிய பாத்திரம் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடுவதும் உண்டு. அதே வீட்டில், கோதுமை ஒவ்வாத விருந்தாளி ஒருவர் வந்தால், நாள்தோறும் கோதுமை ரொட்டி சுடும் பாத்திரத்திலேயே அரிசி மாவுக் கேக் சுட்டுக் கொடுப்பதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. பாத்திரம்தான் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதே! காப்பாற்றக் கூடியதை எறிந்துவிட்டு, எந்தக் கழுவலுக்கும் அசையாததை நம்பிப் பயன்படுத்துகிறோம் என்பதே நம் கட்சி. இதை விளக்க, மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்டோன்வேர் என்றதும் ஏதோ அயல்நாட்டுப் பொருள் என்று ஒதுங்க வேண்டியதில்லை. பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாகப் பரணில் உட்கார்ந்திருக்கும் ஊறுகாய் ஜாடியும் ஸ்டோன்வேர்தான். நாம் எல்லாவற்றையும் பீங்கான் என்று அழைத்துப் பழகிவிட்டோம். கிராமத்துச் சூளையில் மண்சட்டி வேகும் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தொடுவது அரிது. ஸ்டோன்வேர் ஏறத்தாழ 1200 முதல் 1300 டிகிரி வரை போகிறது. அந்த வெப்பத்தில் களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோலாகி, துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைக்கிறது. ஜாடிக்கு அதன்மேல் மெருகுப்பூச்சும் உண்டு. எனவே அது எண்ணெயையும் உப்பையும் உள்ளே விடுவதில்லை. மெருகில் மயிரிழை விரிசல் விழாதவரை ஜாடியைத் தாராளமாகச் சோப்புப் போட்டே கழுவலாம்.

ரொட்டி சுடும் பாத்திரத்தின் கதை வேறு. அதற்கு மெருகு கிடையாது. சந்துகளும் முழுதாக அடைபடுவதில்லை. அடைபடக் கூடாது என்பதே அதைச் செய்பவரின் நோக்கம். மாவின் அடிப்புறத்து ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்வதால்தான் ரொட்டியின் அடி மொறுமொறுப்பாகிறது. அமெரிக்காவில் 1980இல் தொடங்கப்பட்ட பாம்பர்ட் செஃப் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பாத்திரங்களை வீட்டு விருந்துகளில் செய்து காட்டி விற்று, அந்நாட்டுச் சமையலறைகளில் பரப்பின. வாங்கும்போது வெளிர்மஞ்சளாக இருக்கும் பாத்திரம், சில ஆண்டுகளில் கரும்பழுப்பாகிவிடும். அதைக் கறை என்று நினைப்பவர் பலர். சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகி உட்கார்ந்திருப்பதுதான் அந்தக் கருமை. நம் தோசைக்கல் பழகுவதும் இதே வேதியியல்தான். 'பழக்குதல்' என்று நம்மவர்கள் இதற்கு வைத்த பெயரைவிடப் பொருத்தமான சொல் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பாத்திரத்தைச் சோப்பால் கழுவுகிறவர் பெரும்பாலும் உதவி செய்ய வந்தவராகவே இருப்பார். மகளின் பிரசவத்துக்காகக் கடல் கடந்து வந்திருக்கும் தாய், கருத்துப்போன பாத்திரத்தைக் கண்டு மனம் பொறுக்காமல், அதைச் சோப்பு நீரில் ஊறவைத்து நாரால் தேய்த்து வைத்துவிடுகிறார். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அது தகும். மகள் மறுநாள் சுட்ட ரொட்டியில் எலுமிச்சை வாசனையும் நாக்கில் ஒட்டும் வழவழப்பும் வருகின்றன. பிறகு நடக்கும் உரையாடலை நாம் எழுத வேண்டியதில்லை. அந்தத் தாயின் தாய் மண்சட்டியைச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுதான் தேய்த்திருப்பார் என்பதை மட்டும் சொல்லி வைப்போம். ஒரு தலைமுறைக்குள் எவர்சில்வர் நம் கைகளுக்கு வேறு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நடந்தது என்னவென்றால், சோப்பு நீரோடு சேர்ந்து நுண்துளைகளுக்குள் போய்விட்டது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்புவது. மறுமுனை எண்ணெயை விரும்புவது. துளைக்குள் இரண்டுமே இருப்பதால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. பாத்திரம் சூடாகி ஈரம் வெளியேறும்போது அதனோடு சேர்ந்து மாவில் ஏறுகிறது. இந்தத் துணுக்கு அளவு சோப்பு விஷமல்ல. நாக்குக்கு ஆகாது, அவ்வளவே. நீரோடு உள்ளே போனதை நீரைக் கொண்டே வெளியே கொண்டுவரலாம். அதற்காகப் பாத்திரத்தைத் தூக்கி எறிவது வீண்.

செய்ய வேண்டியது இதுதான். பாத்திரத்தை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் முழுக வைத்து, பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு மாற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். மீண்டும் ஒரு மணி நேரம். ஒரே தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைப்பதைக் காட்டிலும் ஐந்தாறு முறை தண்ணீரை மாற்றுவதே பலன் தரும். ஊறும் தண்ணீரில் சோப்பு ஏறஏற, உள்ளிருப்பது வெளியே வரும் வேகம் குறைந்துவிடும். புளியை ஒரே தண்ணீரில் கரைத்து விட்டுவிடாமல் இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று கரைத்தெடுக்கிற எவருக்கும் இது புதிய செய்தியன்று. கொட்டும் தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தால் நுரை நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நுரை நின்றால் இன்னும் வேலை இருக்கிறது.

பின்னர் உலர்த்துவது. இதில்தான் அவசரப்பட்டுப் பலர் பாத்திரத்தை உடைக்கிறார்கள். துளைகளுக்குள் நிற்கும் தண்ணீர் திடீரென்று ஆவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 1700 மடங்கு பெருகும். கல் அதைத் தாங்காது. இரண்டு நாட்கள் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிட்டு, குளிர்ந்த ஓவனில் வைத்து, 100 டிகிரிக்குக் கீழே ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்ல 180 டிகிரி வரை ஏற்றலாம். கழுவாமல் முதலிலேயே சூடேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாசனை பறந்துவிடும், சோப்பு பறக்காது. வாசனை போனதை நம்பி ரொட்டி சுட்டு மறுபடி ஏமாறுவார்கள். கடைசியில் வெறும் மாவும் தண்ணீரும் பிசைந்து ஒரு சிறு தட்டை சுட்டு, கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். நாக்கைவிட நல்ல கருவி இந்த வேலைக்கு இல்லை. பாத்திரம் வெளுத்திருந்தால் எண்ணெய் தடவி முதலிலிருந்து பழக்க வேண்டியதுதான். அது நட்டம்தான், மறுப்பதற்கில்லை.

இந்த இடத்தில் வீட்டு வைத்தியர்கள் குறுக்கிடுவார்கள். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்ப்பது, சிக்குப் பிடித்துப் போன பழைய எண்ணெய்க்கு நல்ல மருந்து. ஆனால் பழகிய படலத்தையும் கொஞ்சம் பெயர்க்கும். சோடாவோடு வினிகரையும் ஊற்றிப் பொங்கவைப்பது வேடிக்கை பார்க்க உதவும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, எஞ்சுவது ஏறத்தாழ வெறும் உப்புத் தண்ணீர். பிளீச்சிங் திரவத்தை இந்தப் பாத்திரத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது மூச்சுக்குக் கேடு. ஓவன் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் சுழற்சியில் பாத்திரத்தையும் உள்ளே வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வெப்பம் 480 டிகிரியை ஒட்டிப் போகும். உள்ளிருக்கும் எண்ணெய் புகையாகும், பாத்திரம் பிளக்கலாம். பிழைத்து வந்த பாத்திரங்களைக் காட்டிப் பெருமை பேசுபவர்கள், பிளந்தவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

பச்சை இறைச்சியின் சாறு இறங்கிவிட்டது என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. கோழி இறைச்சியின் பாக்டீரியாக்களுக்கு 74 டிகிரி போதும். வழக்கமான சூட்டில் பாத்திரம் முழுதும் சூடேறும்வரை வைத்தால் அது துளைக்குள்ளும் எட்டிவிடும். சுரண்டி, வெந்நீரில் அலசி, உலர்த்திச் சூடேற்றினால் முடிந்தது.

ஆக, சோப்புக்குத் தண்ணீர், கிருமிக்குச் சூடு. இரண்டுக்கும் அடங்காதவை உண்டு என்பதைப் பழைய சமூகங்கள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தன. லேவியராகமம், பலி இறைச்சி வேக வைத்த மண்பாத்திரத்தை உடைத்துவிடச் சொல்கிறது. செம்புப் பாத்திரமானால் துலக்கித் தண்ணீரில் அலசினால் போதும் என்கிறது. எலி, பல்லி போன்றவற்றின் பிணம் விழுந்த மண்பாண்டத்துக்கும் அதே உடைப்புத்தான். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் மண்பாண்டத்தை மீண்டும் சுட்டெடுக்கலாம் என்று ஒரு வாய்ப்புத் தந்துவிட்டு, மது, சிறுநீர், இரத்தம் முதலியன பட்டதை மறுசூட்டினாலும் மீட்க முடியாது என்று கதவைச் சாத்துகிறது. இவற்றின் தூய்மைக் கணக்கு நமக்கு ஏற்புடையதன்று. குறிப்பாக நம் மண்ணில், பாத்திரத்துக்குள் போனது எது என்பதை விட்டுவிட்டுத் தொட்ட கை யாருடையது என்று பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையில் எந்தக் கண்ணாடியும் எதையும் உறிஞ்சிவிடவில்லை. ஆயினும் மண்ணையும் உலோகத்தையும் ஒரே விதியில் கட்டக் கூடாது என்ற அந்தக் கவனிப்பு மட்டும் சரியானது.

மண் எவ்வளவு காலம் விடாமல் பிடித்து வைத்திருக்கும் என்பதற்குத் தொல்லியலாளர்களிடம் சான்று இருக்கிறது. போலந்தில் கிடைத்த, கி.மு. ஆறாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த துளையிட்ட ஓடுகளில் பாற்கொழுப்பு இன்னும் இருப்பதைக் கண்டு, அவை பாலாடைக்கட்டி வடித்த பாத்திரங்கள் என்று 2012 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை நிறுவியது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, வடமேற்கு இந்தியாவின் சிந்துவெளி நாகரிகக் கால ஓடுகளிலிருந்து விலங்குக் கொழுப்பின் எச்சத்தைப் பிரித்தெடுத்து, அம்மக்கள் பானையில் என்ன சமைத்தார்கள் என்று பேசியது. ஆயிரக்கணக்கான மழைக்காலங்கள் கழுவியும் போகாதது அது. நம் வீட்டுத் தொட்டியில் பத்து நிமிட நேரம் கழுவினால் போய்விடும் என்று எண்ணுவது கொஞ்சம் அதிகம்தான்.

கோதுமையின் குளூட்டன் விஷயத்துக்கு இப்போது வரலாம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு, உலகெங்கும் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் என்கிறார்கள், குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கும். 'குளூட்டன் இல்லாதது' என்று உணவில் அச்சிடக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதே உச்சவரம்பு. ஒரு கிலோ மாவில் சில துகள்கள்! குளூட்டன் உயிரற்ற புரதம். கிருமியைப்போல் கொன்றுவிட முடியாது. ரொட்டி சுடும் வெப்பத்தில் அது தீங்கற்றதாகவும் ஆவதில்லை. ஆகுமானால் ரொட்டியே அவர்களுக்குத் தீங்கு செய்யாதே. பல ஆண்டுகள் கோதுமை மாவு ஏறிய பாத்திரத்தின் துளைகளிலும் படலத்தின் அடியிலும் என்ன மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்க்க வீட்டில் வழியில்லை. இங்கே நாக்கும் உதவாது. சோப்பு ருசியில் காட்டிக்கொடுத்துவிடும், குளூட்டன் காட்டாது. நிலக்கடலை போன்ற கடும் ஒவ்வாமைகளுக்கும் இதே நியாயம்தான்.

விருந்துக்கு வந்தவர், "பாத்திரம் எது?" என்று கேட்டால் முகம் சுளிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர் நம் சுத்தத்தைச் சந்தேகிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அவர் கேட்பது மண்ணின் குணத்தைப் பற்றி. மீன் குழம்புக்குத் தனிச்சட்டி வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி புரியாமல் போக நியாயமே இல்லை. மீன்சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பின்னும் அதில் பால் காய்ச்ச எவரும் நினைப்பதில்லை. கோதுமைக்கு மீன் வாசனை இல்லை, அதனால் மறந்துவிடுகிறோம். அவருக்காகச் சுட வேண்டுமானால் எவர்சில்வர் தட்டோ கண்ணாடிப் பாத்திரமோ போதும். கழுவினால் அவை நிச்சயமாகச் சுத்தமாகும்.

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பெயின்ட், ஓவன் துடைக்கும் கார மருந்து ஆகியவை பட்டுத் துளைக்குள் இறங்கிய பாத்திரத்தைப் பற்றி விவாதமே வேண்டாம். பத்துத் தண்ணீர் மாற்றினாலும் அதில் உணவு சுடக் கூடாது. எறிவதிலும் ஒரு வேறுபாடு பார்க்க வேண்டும். சீலியாக் நோயாளி ஒருவர் குடும்பத்துக்குள் வந்ததால் விலக்கப்பட்ட கோதுமைப் பாத்திரத்தில் குறையொன்றுமில்லை. கோதுமை உண்ணும் இன்னொரு வீட்டுக்கு, பழகிய பாத்திரம் என்று சொல்லியே கொடுக்கலாம். வாங்குகிறவர் மகிழ்வார். பூச்சிமருந்து பட்டதை முழுதாகத் தெருவில் வைத்துவிட்டு வரக் கூடாது. பார்வைக்கு நன்றாயிருக்கும் பாத்திரத்தை யாராவது எடுத்துப் போய் அடுப்பில் ஏற்றுவார்கள். ஒரு சாக்கில் போட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு எறிய வேண்டும்.